முயல் மேய்ந்த புல்வெளி

அந்தப் படம் என் கைப்பேசியில் இன்னும் இருக்கிறது. ஓர் எவர்சில்வர் தட்டு. தட்டில் மூன்று மோதகங்கள், ஓர் ஆப்பிள், அறுகம்புல்லுக்குப் பதிலாக வைத்த ஏதோ ஒரு புல். பின்னால் சட்டமிட்ட பிள்ளையார். தட்டின் ஓரத்தில் ஒரு விரலைவிடச் சற்றே நீளமான தண்டு ஒன்று. அதைச் சுற்றிச் சுற்றி மேலேறும் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள். படத்தின் கீழே ஒரு வரி: "தம்பி, இது தும்பைதானே? மகள் இல்லையெண்டு சண்டை பிடிக்கிறாள்." ஆவணிச் சதுர்த்தியன்று காலை ஏழு ஐம்பதுக்கு அது வந்தது. நான் ஜெர்மனியின் ஆஹென் நகரில் அலுவலகம் போகும் பேருந்துக்காக நின்றிருந்தேன். படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தேன். பேருந்து வந்து நின்றது. கதவு திறந்து மூடியது. நான் ஏறவில்லை. அன்றைய நாட்குறிப்பில் வேறெதுவும் இல்லை. "7.50. படம். தும்பை அல்ல" என்பது மட்டும் இருக்கிறது.

என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். கட்டடமோ சாலையோ வரவிருக்கும் நிலத்தில் என்னென்ன செடிகள் இருக்கின்றன என்று முன்கூட்டியே கணக்கெடுத்து எழுதிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் இருபத்தோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். படிக்க வந்தவன், படித்து முடித்தபின் ஊர் திரும்பாமல் இந்த வேலையிலேயே தங்கிவிட்டேன். சதுர்த்திக்கு முந்தைய மாதங்களில், ஆஹெனுக்குத் தெற்கே ஐஃபெல் மலைப்பகுதியின் சிற்றூர் ஒன்றில், ஒரு முதியோர் இல்லத்தின் பின்புறச் சரிவைப் பார்த்து எழுதும் வேலை எனக்கு வந்திருந்தது. இல்லத்தார் அந்தச் சரிவில் புதிய கட்டடம் கட்ட விரும்பினார்கள். இருவர் தங்கும் பழைய அறைகள் இனிச் செல்லாது, எல்லோருக்கும் தனியறை வேண்டும் என்று ஆகிவிட்டதால், கட்டாவிட்டால் இல்லத்தை நடத்த முடியாது என்பது அவர்கள் நிலை. ஒப்பந்தப்படி மே, ஜூன், ஜூலை மாதங்களில் மூன்று முறை போனேன். மூன்றும் செவ்வாய்க்கிழமைகள்.

முதல் செவ்வாயன்று நான் மண்டியிட்டுப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்வாசலில் துணிக்கூடையோடு ஒருவர் நின்று கவனித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஜெர்மன் மொழியில், ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். என் உச்சரிப்பிலோ முகத்திலோ எதையோ கண்டுகொண்டு, "நீங்கள் தமிழோ?" என்றார். அப்படித்தான் அக்கா அறிமுகமானார். யாழ்ப்பாணத்துக்காரர். இளவயதில் அகதியாக வந்தவர். இல்லத்தின் துணி வெளுப்பும் சாப்பாட்டு மண்டபமும் அவர் பொறுப்பு. அன்று பால்விட்ட தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். அடுத்த இரண்டு முறையும் தந்தார். எனக்கு அவர் அக்கா. அவருக்கு நான் இந்தியத் தம்பி. நான் இங்கிலீஷ் கலந்து பேசுவதை அவர் கேலி செய்வார். "இவ்வளவு இங்கிலீஷ் கதைக்கிறியள், பிறகேன் ஜெர்மனிக்கு வந்தனீங்கள்?" என்பார்.

தேத்தண்ணி நேரத்தில் தன் வீட்டைப்பற்றியும் சொல்லியிருந்தார். கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் இயங்குவதில்லை. வீடு ஒன்பது நிமிட நடைத் தூரத்தில் இருக்கிறது. நண்பகல் இடைவேளையில் ஓடிப்போய் சோறு குழைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். "இஞ்சை வேலை இருக்கிறபடியாத்தான் அவர் வீட்டிலை இருக்கிறார்," என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புதுக் கட்டடம் எப்போது வரும் என்று என்னிடம் கேட்டார். அது என் கையில் இல்லை, செடிகளை எழுதுவது மட்டும்தான் என் வேலை என்றேன். "அப்ப வடிவா எழுதுங்கோ," என்றார்.

நன்றாகத்தான் எழுதினேன். எழுபத்திரண்டு வகைச் செடிகள். சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண், உரம் படாத நிலம், நான்கைந்து சென்டிமீட்டர் உயரமே உள்ள புல். மேல் ஓரத்தில் முயல் புழுக்கைகள் கிடந்தன. புல் குட்டையாக இருப்பதற்கான காரணத்தைக் குறிக்கும் கட்டத்தில் "மெல்லிய மண், முயல் மேய்ச்சல்" என்று எழுதினேன். ஆர்க்கிட் வகை எதுவும் காணப்படவில்லை என்றும் எழுதி, ஜூலைக் கடைசியில் அறிக்கையை ஒப்படைத்துவிட்டேன். ஐந்து வாரம் கழித்து அதே சரிவின் ஆர்க்கிட் ஒன்று பிள்ளையாருக்கு முன்னால் எவர்சில்வர் தட்டில் கிடந்தது.

மறுநாள் மாலை வேலை முடிந்து அங்கே போனேன். அக்கா வாசலில் காத்திருந்தார். தும்பை இல்லை என்று நான் தொலைபேசியில் சொன்னது அவருக்குச் சற்று மனத்தாங்கல். ஒவ்வொரு சதுர்த்திக்கும் இந்தச் சரிவிலிருந்து ஒரே ஒரு தண்டு கிள்ளுவாராம். தும்பை இல்லாமல் என்ன சதுர்த்தி என்று முதல் வருடம் தேடியபோது இது கண்ணில் பட்டதாம். "பிள்ளையார் இத்தினை வருசம் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள்தான் சொல்லுறியள்," என்றார். இந்த நாட்டில் ஆர்க்கிட் எதையும் கிள்ளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு அதைவிடப் பெரிய விஷயம் இருந்தது.

சரிவில் மண்டியிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன். முதல் பார்வையில் தெரிந்துவிட்டாலும், ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதுதான் என் பழக்கம். தண்டின் மேல்பாதியில் நுண்ணிய மயிர்கள். பூக்கள் ஒற்றை வரிசையாகத் தண்டைச் சுற்றி ஏறுகின்றன. சில தண்டுகளில் இடஞ்சுழி, சிலவற்றில் வலஞ்சுழி. ஒவ்வொரு பூவும் பச்சரிசி மணியைவிடச் சற்றுப் பெரிது. வெள்ளை இதழின் உட்புறம் பச்சைச் சாயல். இதற்கு ஓர் உறவுச் செடி உண்டு. அது ஈரச் சதுப்பில் வளர்ந்து கோடையிலேயே பூத்து முடிந்துவிடும், பூந்தண்டின் அடியிலேயே நீண்ட இலைகள் இருக்கும். இங்கே தண்டின் அடியில் இலை இல்லை. இன்னொன்று ஊசியிலைக் காட்டு நிழலில் வளர்வது. அதன் இலையில் வலைபோல் நரம்போடும். இங்கே நிழலும் இல்லை, வலையும் இல்லை. ஆனால் தண்டுக்குப் பக்கத்தில், தரையோடு ஒட்டிக்கொண்டு, நீலப் பச்சை நிறத்தில் சின்ன இலைக்கொத்து ஒன்று புதிதாக முளைத்திருந்தது. அது அடுத்த ஆண்டுப் பூவுக்கான இலை. குளிர்காலம் முழுவதும் அப்படியே கிடந்து, வசந்தம் முடியும்போது வாடிவிடும். அதன்பிறகு ஆகஸ்ட்வரை மண்ணுக்கு மேலே எதுவும் இருக்காது. நான் வந்த மூன்று செவ்வாய்களும் அந்த இடைவெளியில் விழுந்திருந்தன. மே மாதத்தில் மஞ்சளித்த இலை ஒன்றிரண்டு இருந்திருக்கலாம். டெய்சி இலை என்று கடந்திருப்பேன்.

இலையுதிர்காலச் சுருள்வேர் என்று இதன் ஜெர்மன் பெயரைத் தமிழாக்கலாம். அறிவியல் பெயர் ஸ்பைராந்தெஸ் ஸ்பைராலிஸ். என் தொழிலில் அதற்குமுன் இரண்டே இரண்டு முறைதான் இதைக் கண்டிருந்தேன். குனிந்து மோந்து பார்த்த அக்கா, "கேக் மணக்குது," என்றார். மிகச் சரி, மெல்லிய வெனிலா வாசனை.

எண்ண வேண்டியிருந்தது. சாப்பாட்டு மண்டபத்திலிருந்து ஒரு பெட்டி பல்குத்தும் குச்சிகள் எடுத்துவந்து கொடுத்தார். ஒவ்வொரு தண்டுக்குப் பக்கத்திலும் ஒரு குச்சி குத்திக்கொண்டே போனோம். என் கணக்கில் நாற்பத்தாறு. அவர் நாற்பத்தேழு என்றார். மறுபடி எண்ணினேன். நாற்பத்தேழு. "கண்ணாடி எனக்கில்லை, உங்களுக்குத்தான் இருக்கு," என்றார். அந்த ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் மகிழ்ச்சியாக இருந்தோம் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு சொன்னேன். இந்தப் பூ இந்த நாட்டில் அற்றுப்போய்க்கொண்டிருப்பது. இவ்வளவு தண்டுகள் ஒரே இடத்தில் இருப்பதை எழுதிக் கொடுத்தால் இந்தச் சரிவில் கட்ட அனுமதி கிடைப்பது கடினம். அக்கா குச்சிப் பெட்டியை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"உங்கடை அறிக்கை குடுத்து முடிஞ்சுதுதானே?"

"சப்மிட் பண்ணியாச்சு அக்கா. ஆனா அது தப்பு."

"அது பிழையெண்டு உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும். நீங்கள் காணாத மாதிரி இருக்க ஏலாதோ?"

எனக்கு அந்தக் கேள்வியில் கோபம் வரவில்லை. அதற்கு முந்தைய இரவு நானே என்னைக் கேட்டுக்கொண்டதுதான். "என்னால முடியாது அக்கா," என்றேன். அவர் வாதாடவில்லை. "ஓம். உங்களுக்கு ஏலாது," என்றார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா குற்றமாகச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நேரமாகிறது, கணவருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். அன்று தேத்தண்ணி இல்லை.

துணை அறிக்கை ஒன்பது பக்கம் வந்தது. அலுவலகத்தில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் யாராலும் மறுக்கவும் முடியவில்லை. அதன் கடைசிப் பத்தியில், வாழிடத்தைக் காப்பது எப்படி என்று பரிந்துரைக்க வேண்டும். புல் ஏற்கெனவே முயல் மேய்ச்சலால் குட்டையாக இருப்பதால் தொடர்ந்து வெட்டத் தேவையில்லை. பூ முடிந்து விதை சிந்தியபின், ஆண்டுக்கு ஒருமுறை அக்டோபரில் வெட்டிப் புதர் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. தெளிவான, சுருக்கமான வாக்கியம் என்றுகூட நினைத்தேன்.

சரிவில் கட்ட அனுமதி கிடைக்கவில்லை. மறுபக்கம் பாறை, அங்கே கட்டினால் கட்டுப்படியாகாது என்று இல்லத்தார் கைவிட்டார்கள். அடுத்த செப்டம்பரில் ஐம்பத்திரண்டு தண்டுகள் பூத்தன. என் கணிப்பு சரி என்பதற்கு அதை ஆதாரமாகக் குறித்துக்கொண்டேன். அதற்கடுத்த குளிர்காலத்தில் இல்லம் மூடப்பட்டது. முதியவர்கள் மூன்று நான்கு ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள். அக்காவுக்கு இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்தில் வேறோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. காலை ஐந்து மணிக்குமுன் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். நண்பகலில் வீட்டுக்கு வந்துபோக வழியில்லை. கணவருக்கு மதியச் சாப்பாடு பெட்டியில் வந்து இறங்கியது. உருளைக்கிழங்கும் குழம்பில்லாத இறைச்சியும். அவர் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, நாலரை மணிக்கு அக்கா திரும்பும்வரை காத்திருப்பாராம். இதெல்லாம் எனக்கு அக்கா சொல்லித் தெரியாது. பல மாதங்கள் கழித்து ஆஹென் கடைத்தெருவில் சந்தித்த மகள் சொன்னாள். அக்காவோ எனக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்புவதை நிறுத்தவில்லை. நான்தான் போய்ப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டேன்.

சரிவுக்கு மட்டும் ஒவ்வொரு செப்டம்பரும் போனேன். வேலி போட்டிருந்தார்கள். பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை நட்டிருந்தார்கள். என் குறிப்பேட்டில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. முப்பத்தெட்டு. பதினொன்று. இரண்டு. புல் முழங்காலைத் தொட்டது. பழைய புல் சாய்ந்து பாய்போல மண்ணை மூடியிருந்தது. முயல்கள் குறைந்துவிட்டன, நோய் வந்திருக்கும் என்று எழுதினேன். கோடை வறட்சி என்று எழுதினேன். பூவைக் கண்ட ஆண்டுக்குப் பின் வந்த ஐந்தாவது செப்டம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி நேரம் தேடியும் ஒன்றுகூட இல்லை. பூஜ்யம் என்று எழுதி, நேரத்தையும் குறித்துவிட்டு எழுந்தேன். அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போக முடியவில்லை. அக்கா வீடு ஒன்பது நிமிட நடைத் தூரத்தில் இருந்தது.

கதவைத் திறந்த அக்கா என்னை உள்ளே விட்டார். இளைத்திருந்தார். கணவர் சாளரத்தோரம் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி வந்தது. பூ போய்விட்டது என்று சொன்னேன்.

"இப்ப ஆர் அங்கை புல்லு வெட்டுறது?" என்று கேட்டார் அக்கா.

"வருஷத்துக்கு ஒருதடவை ஆள் வந்து வெட்டுறாங்க. அக்டோபர்ல."

"ஒருக்காவோ?" அவர் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் பத்துப் பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா வெட்டினனான் தம்பி. புல்லு வளர்ந்தால் சக்கரக்கதிரை உருளாதெண்டு அந்த வயசானதுகள் கத்துங்கள். தோட்ட வேலையாள் போனபிறகு ஒருத்தரும் வெட்டேல்லை, ஒன்பது வருசமா நான்தான் சனிக்கிழமையிலை மெஷினைத் தள்ளினனான். ஆவணி பிறந்தால் விட்டிடுவன். பூ வருமெல்லே."

அறிக்கையில் நான் எழுதியிருந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் கணவர் பக்கம் திரும்பினார்.

"கேட்டியளோ? இவ்வளவு படிச்ச தம்பி, என்னை முயல் எண்டு எழுதிப்போட்டார்."

கணவர் முகத்தின் ஒரு பக்கத்தால் சிரித்தார். அக்காவும் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். சிரிப்பு ஓய்ந்தபின் அவர் என் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, அடுப்படிக்குப் போகும் வழியில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மூண்டு தரம் வந்து என்ரை தேத்தண்ணி குடிச்சனீங்கள். ஒருக்கால் கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம். புல்லின் உயரத்தை அளந்தேன், மண்ணின் ஆழத்தை அளந்தேன், புழுக்கைகளை எண்ணினேன். துணிக்கூடையோடு நின்றவரிடம் கேட்பதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. செவ்வாய்க்கிழமை வந்தவனுக்குச் சனிக்கிழமை தெரியவில்லை. கண்டதை மறைக்கக் கூடாது என்ற பிடிவாதத்தில் அவருடைய நண்பகலை எடுத்துக்கொண்டேன். பூவாவது மிஞ்சியது என்று ஐந்து ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் மிஞ்சவில்லை. அந்த எழுபத்திரண்டு வகைச் செடிகளும் வாழ்ந்த இடத்தை ஆக்கியவர், மூன்று மாத காலத்தில் மூன்று முறை எனக்கு எதிரிலேயே நின்றார்.

அறிக்கையைத் திருத்தி அனுப்பினேன். "முயல் மேய்ச்சல்" என்பதை அடித்துவிட்டு, இல்லத்தின் பணியாளர் ஒருவர் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டிவந்தார் என்று எழுதினேன். பழையபடி வெட்ட அனுமதி வேண்டி விண்ணப்பித்தேன். ஆன்ட்ராக், அதாவது விண்ணப்பம், என்றால் இங்கே எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டும் என்பது இந்த நாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். எட்டு மாதம் கழித்து அனுமதி வந்தது. வெட்டுவதற்கு ஆள் மட்டும் இல்லை, நீங்களே செய்வதென்றால் செய்யலாம் என்றார்கள்.

மூன்று கோடைகளாக நான்தான் வெட்டுகிறேன். சனிக்கிழமைகளில். காரின் பின்புறத்தில் இயந்திரத்தைப் படுக்கவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் போக வேண்டும். வெட்டிய புல்லை வாரி வெளியே கொண்டுபோக வேண்டும். விட்டால் அதுவே உரமாகிவிடும். சரிவில் இயந்திரத்தை மேலே தள்ளும்போது தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது. ஒரு கோடைக்குப் பதினொரு முறை. இதை அவர் வாரம் முழுக்க நின்ற கால்களோடு, ஒன்பது ஆண்டுகள் செய்தார் என்று ஒவ்வொரு முறையும் கணக்கு வந்து நிற்கிறது. மண்ணுக்குள் கிழங்கு சில ஆண்டுகள் பூக்காமலே உயிரோடு இருக்கலாம் என்கிறார்கள். எத்தனை ஆண்டுகள் என்று யாரும் உறுதியாகச் சொல்வதில்லை.

இந்தச் செப்டம்பரிலும் போய்ப் பார்த்தேன். மூன்று முறை நடந்து பார்த்தேன். எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அக்கா அழைத்தார். வேலை முடிந்து இரண்டாவது பேருந்தில் இருந்தார்.

"எத்தினை தம்பி?"

"இல்லக்கா. இந்த வருஷமும் இல்ல."

"புல்லு எவ்வளவு உயரம்?"

"நாலு சென்டிமீட்டர்."

"அளந்தனீங்களோ?"

"அளந்தேன்."

"அப்ப சரி. வெட்டுறதை விட்டிடாதேங்கோ," என்றார். "வையுங்கோ, நான் இறங்க வேணும். அவர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார்."